வெளிச்சம் பார்க்க நின்றவள்

1

இந்தக் கதை என் முகத்தில் தொடங்கியது. தற்பெருமை இல்லை, நடந்ததைச் சொல்கிறேன். என் புதிய புத்தகத்தின் பின்னட்டைக்கு நான் கொடுத்த படத்தில் பல்வலிக்காரன் மாதிரி இருக்கிறேன் என்று பதிப்பாளர் அபிப்பிராயப்பட்டார். பின்னால் மரம் செடி இருக்க, முகம் பளிச்சென்று, 'எழுத்தாளர் மாதிரி' ஒரு படம் வேண்டுமாம். சின்னக் குழந்தைகளைப் பூங்காக்களில் படமெடுப்பதில் பேர்போன ஒருவரிடம் என்னை அனுப்பினார். "குழந்தைங்களையே அசையாம நிக்க வைக்கறவரு, உங்கள நிக்க வைக்க மாட்டாரா?" என்றார்.

அந்தப் பூங்காவில் பார்த்ததுதான் கதை. நான் வருவதற்கு முன் நடந்ததைப் படக்காரரே சொன்னார். எதிரில் நிற்பவரின் முகம் இளக வேண்டும் என்பதற்காக இவர்கள் வாய் ஓயாமல் பேசுவார்கள். என் முகம் இளகியதோ இல்லையோ, ஒரு கதை கிடைத்தது.

தொடக்கம் மூன்று எழுதினேன்.

"உச்சிவெயில் உருக்கிய ஈயமாக ஊற்றிக்கொண்டிருந்த அந்த" (நிறுத்து. ஈயம் உருகி நான் பார்த்ததே கிடையாது.)

"அவளுக்கு நான்கு வயது. அவள் கண்களில் ஆயிரம்" (ஆயிரம் என்ன? கண்தான் மூடியிருந்ததே.)

"படக்காரருக்கு வெயில் ஆகாது." இது உண்மை. இதிலிருந்தே போகலாம்.

2

படக்காரருக்கு வெயில் ஆகாது. உடம்புக்கு அல்ல, தொழிலுக்கு. உச்சிவெயிலில் ஒரு குழந்தையை நிறுத்தினால் கண் சுருங்கிவிடும். புருவத்தின் நிழல் கண்குழியில் விழும், மூக்கின் நிழல் மீசையாகும். மூன்று வயதுப் பிள்ளை ஓய்வுபெற்ற காவல்காரர் மாதிரி படத்தில் நிற்கும். பத்தடி தள்ளி மர நிழலுக்கு வந்தால் போதும், முகம் பூவாகிவிடும். இதை அவர் அன்று பதினோரு மணிக்கு, இரட்டைப் பிள்ளைகளோடு வந்த அம்மாவிடம் சொன்னார்.

"நிழல்ல எடுத்தா கறுப்பா தெரிவாங்க சார்," என்றார் அந்த அம்மா. "வெயில்லயே எடுங்க. பளிச்சுனு இருக்கட்டும்."

"கண்ணு கூசுமேம்மா."

"அதுக்குத்தானே உங்ககிட்ட வந்திருக்கோம். ஆனா ரொம்ப நேரம் நிக்க வச்சிடாதீங்க. பிள்ளைங்க வாடிப்போயிடும்."

வெயிலிலும் நிற்க வேண்டும், வாடவும் கூடாது. மீசையும் வேண்டும், கூழும் வேண்டும் என்றால் யாராவது ஒருத்தர் மீசையை ஒதுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும் அல்லவா? படக்காரர் திரும்பி, "பொடிசு, வாடா கண்ணு," என்றார்.

3

பொடிசு அவருடைய மகள். வேலை என்னவென்றால், வெளிச்சம் பார்க்க நிற்பது. பிள்ளைகள் நிற்கப்போகும் இடத்தில் இவள் போய் நிற்பாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாம்பல் நிற அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடிப்பாள். அந்த நிறத்தை வைத்து அவர் கேமராவைத் திருத்துவார், இரண்டு மூன்று சோதனைப் படம் தட்டிப் பார்ப்பார். எல்லாம் சரியானதும், "போதும்டா, தள்ளிக்கோ" என்பார். அவள் இடது பக்கமாக நகர்ந்துவிடுவாள். அசல் பிள்ளைகள் வந்து நிற்பார்கள்.

அசல் பிள்ளைகளுக்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார். "எல்லாரும் கண்ண மூடிக்குங்க. மூணு சொன்னதும் திறங்க." மூன்று என்றதும் கண்கள் அகலமாகத் திறக்கும். கூச்சம் தெரிந்து சுருங்குவதற்குள் ஒரு நொடி இருக்கிறது. அந்த நொடிதான் அவருடைய பேருக்கும் புகழுக்கும் காரணம்.

வெளிச்சம் பார்ப்பதற்குக் கண் தேவையில்லை. அதனால் மகளிடம், "நீ திறக்க வேணாம்டா, மூடியே வச்சுக்கோ, கண்ணு வலிக்கும்" என்று சொல்லிவைத்திருந்தார். பாசத்தில் சொன்னதுதான். அந்தச் சோதனைப் படங்களை எடுத்த சூட்டிலேயே அழித்தும்விடுவார். இது பழக்கத்தில் செய்தது.

(ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். சொன்னவர் வீட்டுப் பிள்ளையிடம் யாராவது கேட்டார்களா?)

4

இனி பொடிசுக்கு என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும். அவள் போகும் பாலர் பள்ளியில் பை வைக்க ஆளுக்கொரு மாடம் உண்டு. பிள்ளைகளுக்குப் பெயர் படிக்கத் தெரியாது என்பதால் மாடத்தின் மேல் அவரவர் முகப்படம் ஒட்டியிருக்கும். இவளுடைய மாடத்தில் மட்டும் வெறும் காகிதம். ஆளில்லாத மாடம்தானே என்று மற்றப் பிள்ளைகள் செருப்பு, குடை, பாதி கடித்த பிஸ்கட் எல்லாவற்றையும் அதற்குள் தள்ளுகிறார்கள். டீச்சர் மூன்றாவது சீட்டு அனுப்பிவிட்டார். திங்கட்கிழமைக்குள் படம் வேண்டும். அன்று சனிக்கிழமை.

"காலைல முதல் வேலை அதுதான்டா," என்று அப்பா சொல்லியிருந்தார். எட்டு மணிக்கு ஒரு பெரியவரை எடுக்க வேண்டும், கால்மணி நேர வேலை. பிறகு இளவெயிலில் பொடிசு. பதினோரு மணிக்குத்தான் இரட்டையர். கணக்கு சுத்தமாக இருந்தது. அந்தப் பெரியவர் வரவில்லை.

5

அந்தப் பெரியவர் நான்.

முதலில் எழுதிய படியில் இந்தப் பகுதி இல்லை. இரட்டையரின் அம்மாவை வைத்தே கதையை முடித்துவிடலாம் என்று பார்த்தேன். அவர் மேல் பழியைப் போட வசதியாக இருந்தது. அதற்காக ஒன்றை மறைத்தும்விட்டேன்: பொடிசு வெயிலில் நின்றபோது அந்த அம்மா தன் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளுக்குக் குடிக்கக் கொடுத்தார். கொடுமைக்காரிக்குத் தண்ணீர் பாட்டில் பொருந்தாது என்று அடித்தேன். இப்போது திருப்பி எழுதுகிறேன்.

எட்டு மணிக்கு நான் வீட்டில் இருந்தேன். பின்னட்டையில் படத்துக்குக் கீழே வரவேண்டிய ஆசிரியர் குறிப்பை நானே எழுதிக்கொண்டிருந்தேன். 'குழந்தைகளின் மௌனத்தைக் கேட்கத் தெரிந்தவர்.' கேட்கத் தெரிந்தவரா, செவிமடுக்கத் தெரிந்தவரா என்பதில் மூன்று மணி நேரம் போனது. நடுவில் நான்கு தடவை படக்காரருக்குப் போன் செய்து, "இதோ வந்துட்டேன், அஞ்சே நிமிஷம்," என்றேன். அவரும் நம்பி, கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு, மகளை "சார் வந்துடட்டும்டா" என்று உட்காரவைத்திருந்தார். அப்படியே வெயில் ஏறிவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு.

6

இரட்டையர் முடித்துப் போயிருந்தார்கள். எனக்காகவும் பொடிசு நின்றாள். என் உயரத்துக்கு வேண்டுமென்று ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்றாள், கண்ணை மூடிக்கொண்டு. பிறகு இறங்கி இடது பக்கம் போனாள்.

வெயில் என் முதுகுக்கு வந்தது, முகம் இருண்டது. அந்த இருட்டைப் போக்க ஒரு வெள்ளைத் தட்டியை என் வயிற்றுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். வெயில் அதில் பட்டு என் முகத்தில் ஏறும். பிடித்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நாற்பத்தொரு படம் எடுத்தார். மோவாயில் கை வைத்தும் எடுத்தோம், வைக்காமலும் எடுத்தோம். பொடிசு குந்தியபடி தட்டியின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுது. இப்ப உன் படம்டா," என்றார் அப்பா.

அவள் ஓடிப்போய் நின்றாள். சாம்பல் அட்டையை முகத்தருகே பிடித்தாள், கண்ணை மூடினாள். அவர் சிரித்துக்கொண்டே ஒன்று தட்டினார். உடனே அவள் இடது பக்கமாக நகர்ந்தாள்.

"எங்கடா போற?"

"அவங்க வரட்டும்."

"யாரு?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "தெரியல. யாரு வரப்போறா?"

படக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது. அருகில் போய் மண்டியிட்டு அட்டையை அவள் கையிலிருந்து வாங்கினார். "யாரும் வரல. நீதான். மூணு சொன்னதும் கண்ணத் திறக்கணும், சரியா?"

"அது அவங்களுக்குத்தானே. எனக்கு மூடிக்கிறது."

"இல்லடா. இன்னிக்கு உனக்கும்."

அவள் யோசித்துத் தலையாட்டினாள், கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவர் பின்னால் வந்து கேமராவைத் தூக்கினார். "ஒண்ணு," என்றார். "ரெண்டு," என்றார்.

"சார்," என்றேன் நான். "போறதுக்கு முன்னாடி என் படத்த ஒரு தடவ பாத்துடலாமா? கன்னம் உப்பலா வந்திருக்குமோனு சந்தேகமா இருக்கு."

வாடிக்கையாளர் கூப்பிட்டால் திரும்புவது பழக்கம். "இதோ வந்துட்டேன்டா," என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தார். வெயிலில் திரை தெரியாது என்பதால் மர நிழலுக்குப் போனோம். நாற்பத்தொன்றையும் பார்த்தோம். கன்னம் உப்பலாக இல்லை.

7

முடிவுகள்.

அ) ஒரு மேகம் வருகிறது. வெளிச்சம் இளகுகிறது. அப்பா மகளை (கேட்டவுடன் மேகம் வருவதெல்லாம் கதையில்தான்.)

ஆ) பொடிசு கேமராவை வாங்கி அப்பாவைப் படமெடுக்கிறாள். (பரிசுக் குழுவுக்குப் பிடிக்கும். கேமரா அவள் எடையில் பாதி.)

இ) திங்கட்கிழமை. மாடத்தில் ஒரு முகம், பெரிய கண்களோடு (தெரியாது. நான் விசாரிக்கவில்லை. ஒரு போன் போதும். அன்று நான்கு தடவை பேசிய அதே எண்தான்.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வாசலில் வண்டி காத்திருந்தது, நான் கிளம்பிவிட்டேன். வாசலருகே திரும்பிப் பார்த்தேன். அவர் என் படங்களைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் வெயிலில் அதே இடத்தில், கண்ணை மூடியபடி மூன்றுக்காக நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்தே குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிட்டேன்.

8

நேற்று பதிப்பாளர் கூப்பிட்டார். "படம் பிரமாதம் சார், முகம் அப்படியே ஜொலிக்குது. அடியில மட்டும் ஏதோ நாலு விரல் தெரியுது. வெட்டிடலாமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை, அது அச்சகத்தில் இருக்கிறது. நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைப் பாருங்கள். என் படத்தின் கீழ் ஓரத்தில், வெள்ளை விளிம்பின் மேல், நான்கு சின்ன விரல்கள் இருக்கின்றனவா? இருந்தால், திங்கட்கிழமை என்ன ஆயிற்று என்று நான் ஒருவேளை விசாரித்திருப்பேன். இல்லாவிட்டால், இந்தக் கதைக்கும் அவளை வெளிச்சம் பார்க்கத்தான் நிறுத்தினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.