சீட் இல்லாத சார்ஜர்

வீட்டுக்கு வீடு வான்கோழி வேகும் நன்றி விருந்து நாளன்று கார் ஷெட்டில் இருந்தவர்கள்: வெண்டல், அவன் மனைவியின் தம்பி லைல், லைலின் கையில் பீர், ஒரு அறுபத்தொன்பதாம் வருஷத்து சார்ஜர் கார். வீட்டுக்குள் போகும் கதவில் அந்த மனைவி, டார்லின், நின்றாள். அவளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், கெடு வைத்தவளே அவள்தான்.

"வான்கோழி வேகறதுக்குள்ள இந்தச் சனியன் தானா ஸ்டார்ட் ஆகி வெளிய போகணும். இல்லேன்னா லைல் இழுத்துட்டுப் போவான்."

லைலுக்கு டொலீடோ ஊரில் பழைய இரும்புக்கடை. கொக்கி மாட்டிய லாரியைத் தெருவிலேயே நிறுத்தியிருந்தான்.

டார்லினைக் குறை சொல்லவும் முடியாது. ஒவ்வொரு பனிக்காலமும் விடிகாலையில் அவள் தன் வேனின் கண்ணாடியில் ஐஸைச் சுரண்டுவாள். சார்ஜர் உள்ளே கம்பளி போர்த்தி, ஹீட்டர் பக்கத்தில் தூங்கும். எஞ்சின் மூடிகளை அவன் பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டுக் கழுவியதிலிருந்து அந்த வீட்டில் காபியிலும் கிரீஸ் வாசம்.

வெண்டல் காருக்குள் ஏறினான். சீட்டுகள் உறை தைக்கத் தையல்காரனிடம் போயிருந்தன. பெயின்ட் பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். கார்புரேட்டர் ஒரு முழ நெருப்பைக் கக்கியது. என்னவென்று போய்க் குனிந்தவனின் இடது புருவத்தை மிச்ச நெருப்பு தின்றது.

"காரா அடுப்பா மச்சான் இது? வான்கோழிய இங்கயே கொண்டாரச் சொல்லவா?" என்றான் லைல்.

"வாய மூடு."

"கொக்கிய மாட்டிடவா?"

வெண்டல் கருகிய முடியைத் தேய்த்தபடி யோசித்தான். முதல் பிஸ்டன் மேலே வந்ததைப் பார்த்துத்தான், பிஸ்டன்களுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைச் செருகியிருந்தான். ஆனால் அது இரண்டு தடவை மேலே வரும்: வெடிக்க ஒரு தடவை, புகையைத் தள்ள ஒரு தடவை. புகை தள்ளப் போனவனிடம் தீக்குச்சியைக் கொடுத்திருக்கிறான். இதே தப்புக்காகப் பக்கத்து வீட்டுக்காரனை ஒரு வருஷம் கேலி செய்தவனும் அவன்தான். அதனால் வாயைத் திறக்காமல் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அரைச் சுற்றுத் திருப்பிச் செருகினான்.

"வான்கோழி வெந்துடப் போகுது," என்று உள்ளிருந்து டார்லினின் குரல் வந்தது.

சாவியைத் திருப்பினான். இருமியது, தும்மியது, பிடித்துக்கொண்டது. சைலன்ஸர் இல்லாத எட்டு சிலிண்டர் சத்தத்தில் அலமாரியிலிருந்த ஸ்பேனர்கள் தரையில் குதித்தன. லைல் பீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். ரிவர்ஸ் போட்டதும் பக்கெட் வழுக்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கியபடி, முதலமைச்சர் ஊர்வலம் போல, வெண்டல் தெருவரைக்கும் போனான். பனி பெய்ய ஆரம்பித்திருந்தது. கதவுக் கண்ணாடி இன்னும் மாட்டவில்லை, பனி நேராக மடியில் விழுந்தது. அதுவும் அவனுக்கு இன்பமாகவே இருந்தது.

லைல் லாரியைப் பார்த்தான், காரைப் பார்த்தான், சாப்பிடப் போய்விட்டான்.

டார்லின் கோட்டு மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பாராட்டப்போகிறாள் என்று வெண்டல் எஞ்சினை அணைத்தான். அவள் அவனைத் தாண்டிப் போய், வேனைக் கிளப்பி, காலியான ஷெட்டுக்குள் ஒரே மூச்சில் விட்டாள்.

"ஏய், அது என் இடம்."

"தானா வெளிய போகணும்னுதானே சொன்னேன்? போயிடுச்சு. திரும்பி வரணும்னு யாரு சொன்னா?"

"பனி பெய்யுதுடி. பெயின்ட் என்னாகிறது?"

"ஐஸ் சுரண்டற கட்டை வாசல்லதான் கிடக்கு. எடுத்துக்கோ."

வெண்டல் பக்கெட்டிலிருந்து எழுவதற்குள் ஷெட் கதவு இறங்கித் தரையைத் தொட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.