நாற்பத்து மூன்று வயது மாணவர்

கோட்டு தோளுக்கு மேல் ஏறவில்லை. பாக்கியசாமி ஒரு கையால் தம்பியின் முதுகைத் தாங்கிக்கொண்டு மறு கையால் துணியை இழுத்துப் பார்த்தார். உயிர் போய் விறைத்துப்போன கை வளையவில்லை. அதோடு உடம்பும் முன்பு போல் ஒல்லியாக இல்லை.

"எப்பிடிப் பெருத்துட்டான் பாரு," என்றார் கோபமாக.

"விடுங்க அத்தான்," என்றாள் தம்பியின் மனைவி ரோசம்மா. "அது ஹாங்காங் போறதுக்கு முந்தி தச்ச கோட்டு. வேற சட்ட போடலாம்."

"இதான் மரியாதை. இருவத்திரண்டு வருஷம் கப்பல் ஆபீசுல கிராணியா உக்காந்த கோட்டு."

ரோசம்மா வாதாடவில்லை. தையல் மெஷின் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். கோட்டைக் குப்புறப் போட்டு முதுகுத் தையலைக் கழுத்திலிருந்து இடுப்புவரை பிரித்தாள். இரண்டு பாதியையும் இரண்டு பக்கத்திலிருந்து போட்டு அடியில் செருகியதும் முன்பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது. பாக்கியசாமி பொத்தானை மாட்டினார்.

அண்ணனும் தம்பியும் பேசி ஆறு வருடமாகிவிட்டது. வேதநாயகம் நாற்பத்து மூன்றாவது வயதில் அந்தக் குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு, ஹாங்காங்கில் பல்கலைக்கழகத்தில் சேரப் போகிறேன் என்று கிளம்பியபோது பினாங்கே சிரித்தது. பாக்கியசாமி மட்டும் சிரிக்கவில்லை. துறைமுகத்தில் எல்லோர் முன்னாலும், "பொண்ணுக்குச் சடங்கு சுத்துற வயசுல நீ புத்தகப் பை தூக்குறியா? இனி எனக்குத் தம்பி இல்ல," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். வேதநாயகம் நான்கு வருடம் கழித்துப் பட்டத்தோடு வந்து, ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரான பிறகும் அவர் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து பூசை கண்டுவிட்டுப் போய்விடுவார்.

நேற்று மாலை வேதநாயகம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டு, "லீனா, தண்ணி கொண்டா," என்றார். தண்ணீர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மகள் லீனா அழுதுகொண்டே அப்பாவின் விலாச நோட்டை எடுத்துப் போய்த் தந்திகள் கொடுத்தாள். ரோசம்மா ஆள் அனுப்பிய அரைமணி நேரத்தில் பாக்கியசாமி வந்து நின்றார். சாமியாரிடம் சொல்வது, பெட்டி, ஐஸ் கட்டி, வண்டி என்று எல்லாவற்றையும் அவரே கையில் எடுத்துக்கொண்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

மதியம் ஒரு மணி வாக்கில் இரண்டு ரிக்‌ஷாக்கள் வாசலில் நின்றன. நான்கு வாலிபர்கள் இறங்கினார்கள். வெள்ளைக் கால்சட்டையில் ரயில் கரி படிந்திருந்தது. ஈப்போவிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் ரயில் பிடித்து, பிறை ஸ்டேஷனில் இறங்கி, ஃபெரி ஏறி வந்திருந்தார்கள். முன்னால் வந்தவன் தொப்பியைக் கழற்றி, "அக்கா, என் பேரு அலாவுதீன். டாக்டரா இருக்கேன். அண்ணனோட ஒரே ஹாஸ்டல்ல நாலு வருஷம்," என்றான்.

அவனுக்குப் பின்னால் உயரமான சீனன் ஒருவன் நின்றான். ஈப்போவில் ஈயச் சுரங்க எஞ்சினியர், தெங் ஹோக் என்று பெயர். அவன் பெட்டியருகே போய்த் தலை குனிந்து நின்றான். பிறகு ரோசம்மாவின் முன்னால் வந்து, தொப்பியை நெஞ்சில் வைத்து, கண்ணில் நீர் தளும்ப, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னான்:

"அம்மா. எனக்கு. ரொம்பப் பசிக்குது. சீக்கிரம் சோறு போடுங்க."

செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்களின் வாய் நின்றது. அலாவுதீன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தெங் ஹோக் எல்லோரையும் திருதிருவென்று பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ கேட்டான்.

"என்னா கேக்குறாரு?" என்றாள் ரோசம்மா.

"தப்பா சொல்லிட்டேனான்னு கேக்குறான் அக்கா. தமிழ்ப் பொம்பளைங்கள மொத மொத பாக்கறப்போ மரியாதையா இப்பிடித்தான் சொல்லணும்னு அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தாரு. ஒரு ராத்திரி பூரா உக்காந்து மனப்பாடம் பண்ணான். ரயில்லயும் வழி நெடுக சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தான். வேற ஏதாச்சும் சொல்லுடான்னு நான் எவ்வளவோ சொன்னேன்லா. அண்ணன் சொன்னதுதான் சரின்னுட்டான்."

ரோசம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது. அழுகை என்று நினைத்து முந்தானையை வாயில் வைத்தாள். சிரிப்பாக வந்தது. அடக்க அடக்கத் தோள் குலுங்கியது. லீனா பயந்துபோய் ஓடி வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவளும் சிரித்துவிட்டாள்.

"அவருக்குச் சோறு போடுடி," என்றாள் ரோசம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பக்கத்து வீட்ல ஆக்கி வச்சிருக்காங்க. நாலு பேருக்கும் போடு."

சாப்பிட்டு வந்து நால்வரும் பாயில் உட்கார்ந்தார்கள். ரோசம்மா அலாவுதீனிடம், "அங்க ரொம்ப கஷ்டப்பட்டாரோ?" என்று கேட்டாள். வாராவாரம் வந்த கடிதங்கள் அவளுக்கு நினைவிருந்தன. நான் சுகம். குளிர் அதிகம். பாடமும் அதிகம். அதற்கு மேல் ஒரு வரி இருக்காது.

"கஷ்டமா?" அலாவுதீன் தயங்கினான். மற்றவர்களைப் பார்த்தான். "அக்கா, புதுசா வர்ற பையன்கள ஹாஸ்டல்ல பழைய மாணவர்கள் கூட்டி வச்சு ஆட்டிப் படைப்பாங்க. அந்த வருஷம் நாங்க பழைய ஆளுங்க, எனக்கு இருவது வயசு. மலை மேல ஹாஸ்டல். கொடையும் கண்ணாடியுமா ஒருத்தர் மூச்சு வாங்க ஏறி வர்றாரு. நாங்க புது புரொபசர்னு நெனச்சு எந்திரிச்சு நின்னு குட் மார்னிங் சார்னோம். இவரும் உக்காருங்கன்னுட்டாரு."

"ஐயோ."

"ரெண்டு நாள் அக்கா! ரெண்டு நாள் புரொபசராவே இருந்தாரு. எங்கள வரிசையா நிக்க வச்சு நகம் பாத்தாரு. வீட்டுப்பாடம் கொடுத்தாரு. மூணாம் நாள் புதுப் பையன்களோட போய் பெஞ்சுல உக்காந்தப்பதான் குட்டு உடைஞ்சுச்சு. அன்னிக்கு சாயங்காலம் அவரக் கட்டில்ல உக்கார வச்சு, கட்டிலோட தூக்கிக்கிட்டு ஹாஸ்டல சுத்தி வந்தோம். ராஜா மாதிரி கைய ஆட்டிக்கிட்டு வந்தாரு. அன்னிலேர்ந்து அவரு பேரே புரொபசர்."

நாடகத்தில் அவர் ராணி வேஷம் போட்டு வாசகத்தை மறந்து தாலாட்டுப் பாடியதையும், டிராம் வண்டியில் தூங்கிக் கடைசி நிறுத்தம்வரை போய் நடந்தே திரும்பியதையும் மற்றவர்கள் மாறி மாறிச் சொன்னார்கள். ரோசம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் அவள் முகம் மாறியது. எழுந்து போய்ப் பெட்டிக்குள் பார்த்தாள்.

"நீங்க அங்க குளிர்ல வாடுறீங்கன்னு, நாலு வருஷம் நான் காப்பி குடிக்காம நேர்த்தி இருந்தேன்," என்றாள் அவரிடம். "ராணி வேஷமா கட்டுனீங்க?"

பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்த எழுதக் கூடாதா? நானும் சிரிச்சிருப்பேனே," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. இந்த முறை கண்ணீரும் சேர்ந்து வந்தது. அவரது கலைந்த முடியை விரலால் ஒதுக்கிவிட்டாள்.

சுவரோரம் நாற்காலியில் இவ்வளவு நேரமும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பாக்கியசாமி கேட்டார். "என்ன வீட்டுப்பாடம் குடுத்தான்?"

அலாவுதீன் திரும்பினான். இவர் யாரென்று அவனுக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"கட்டுரை ஐயா. 'என் அண்ணன்', ரெண்டு பக்கம். எனக்கு அண்ணனே இல்லன்னு சொன்னேன், இருக்கறதா நெனச்சு எழுதுடான்னாரு. எழுதினேன். பத்துக்கு நாலுதான் போட்டாரு. அண்ணன்னா இப்பிடி எல்லாம் நல்லவரா இருக்க மாட்டாரு, கொஞ்சம் முன்கோபம் சேர்த்துக்கன்னாரு."

பாக்கியசாமி எழுந்தார். "வண்டி வந்துச்சான்னு பாக்குறேன்," என்று வெளியே போனார். வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

மூன்று மணிக்கு அலாவுதீன் ரோசம்மாவிடம் தனியாக வந்தான். ஹாஸ்டலில் பந்தயத்தில் ஜெயித்தால், பட்டம் வாங்கினால், யாராவது ஊர் திரும்பினால், மூன்று முறை ஹூரே போட்டுத்தான் அனுப்புவார்களாம். கல்லறையில் அப்படிச் செய்யலாமா என்று கேட்டான்.

அதற்குள் உள்ளே வந்திருந்த பாக்கியசாமியின் காதில் அது விழுந்துவிட்டது. "இது சாவு வீடா, ஃபுட்பால் திடலா? கோயில் சனங்க என்ன சொல்லுவாங்க? கூடாது!"

அலாவுதீன் தலையைக் குனிந்துகொண்டான். ரோசம்மா கணவரின் அண்ணனை நேராகப் பார்த்தாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவரிடம் அவள் எதிர்த்துப் பேசியதில்லை.

"அத்தான், கோட்டு உங்க இஷ்டப்படி போட்டாச்சு. இது என் இஷ்டம். சாமியார் செபம் சொல்லி முடிச்சிட்டுப் போகட்டும். அப்புறம் அவங்க செய்வாங்க."

பாக்கியசாமி திரும்பிப் பெட்டி மூடியைத் தூக்கப் போனார்.

வெஸ்டர்ன் ரோட்டுக் கல்லறைக்குப் போய்ச் சேரும்போது மழை பெய்து ஓய்ந்திருந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்து, செபம் சொல்லி, எல்லோருக்கும் தலையசைத்துவிட்டுப் போனார். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். கூட்டம் கலைந்து வாசல் பக்கம் நகர்ந்தது. பாக்கியசாமியும் கொஞ்ச தூரம் போய், ஒரு சிலுவைக்குப் பின்னால் நின்றுவிட்டார்.

நான்கு பேரும் குழியைச் சுற்றி நின்றார்கள். தெங் ஹோக் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"புரொபசருக்கு! ஹிப் ஹிப்..."

"ஹூரே!"

மரத்திலிருந்த காகங்கள் எழும்பின. வாசலுக்குப் போனவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். இரண்டாவது முறை லீனாவும் சேர்ந்து கத்தினாள்.

மூன்றாவது ஹூரே முடிந்து எல்லோரும் மூச்சு வாங்கும்போது, பின்னாலிருந்து இன்னொரு ஹூரே தனியாக வந்தது. கரகரத்த குரல், பாதியில் உடைந்தது.

லீனா திரும்பிப் பார்க்கப் போனாள். ரோசம்மா அவள் கையை அழுத்திப் பிடித்தாள். இருவரும் முன்னாலிருந்த ஈர மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.