பெயருக்கு நேரே சிவப்புக் குறி

செவ்வாய்க்கிழமை காலை பள்ளியின் பெற்றோர் அறைக்கு டீ குடிக்கப் போனேன். பிஸ்கட் டப்பாவை எடுத்தபோது அதன் அடியில் ஒரு தாள் கிடந்தது. எங்கள் குடியிருப்புத் தாய்மார்கள் நாற்பது பேரின் பெயர்கள். பாதிப் பெயர்களுக்கு நேரே சிவப்பு மையில் பெருக்கல் குறி.

பதினான்காவது பெயர் மஜெல்லா. அது நான். எனக்குக் குறி இருந்தது.

எனக்கு மேலே மாக் டியர்னி. அவளுக்கும் இருந்தது. போன வசந்தத்தில் மாக்கின் இரண்டு பிள்ளைகளையும் சமூக நலத்துறைக்காரர்கள் அழைத்துப் போனார்கள். நான்கு மாதம் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

தாளை எடுத்த இடத்திலேயே வைத்தேன். டீ குடிக்கத் தோன்றவில்லை.

சிவப்புப் பேனா டிம்ப்னாவுடையது. டிம்ப்னா வகுப்பு எடுக்காத டீச்சர். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே நடப்பதுதான் அவர் வேலை. கதவு டீச்சர் என்று எங்கள் தெருவில் பெயர். மூன்று வருடமாகச் சந்து வழியாக வந்து, பின்கதவைத் தள்ளி, "நான்தான்" என்றபடி சமையலறையில் உட்காருவார். யார் வீட்டிலும் பேனாவை எடுத்ததில்லை. அதனால்தான் அவரிடம் பேசினோம்.

இந்த செப்டம்பரில் அரசாங்கம் செலவைக் குறைத்தது. டிம்ப்னாவின் பாதி வாரத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். அதிலிருந்து ஆளே மாறிவிட்டார். கழுத்தில் அட்டை, கையில் ஃபைல். காரைத் தெருவில் நிறுத்திவிட்டு நேராக முன்கதவைத் தட்டுகிறார். லிமரிக் நகரில் எங்கள் பக்கம் முன்கதவு போலீசுக்கும் நலத்துறைக்கும் சவப்பெட்டிக்கும்தான்.

பக்கத்து வீட்டு பிலோமினாவிடம் சொன்னேன். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் குறி இருந்துச்சா?" என்றாள்.

"உனக்கு இல்ல."

"அதான பாத்தேன். என் மேல என்ன குறை இருக்கு." ஒரு கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள். "உன் பொண்ணு எத்தன நாள் லீவுடி?"

"பதினெட்டு."

"இருபது ஆனா மேல எழுதிப் போடுவாங்க. தெரியுமில்ல?"

தெரியாத தாய் இந்தத் தெருவில் இல்லை. இருபது நாள் வராவிட்டால் பள்ளி மேலிடத்துக்கு எழுதியாக வேண்டும். சட்டம்.

கீவாவுக்கு ஒன்பது வயது. படிப்பில் சுட்டி. மழை வந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும். காரணம் எனக்குத் தெரியும். அவள் கட்டிலுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை. மூன்று முறை வெள்ளையடித்தேன், மூன்று முறையும் திரும்பி வந்தது. கடைசியில் அலமாரியை நகர்த்தி மறைத்தேன். வீடு நகராட்சியுடையது. புகார் சொன்னால், பிள்ளை இருக்கத் தகுதியில்லாத வீடு என்று எழுதுவார்கள். வீட்டைச் சரிசெய்வார்களா, பிள்ளையைக் கொண்டுபோவார்களா? மாக்கைக் கேட்டால் தெரியும். டிம்ப்னாவைச் சமையலறையைத் தாண்டி நான் விட்டதே இல்லை.

"கதவத் திறக்காத. நானும் எல்லார்கிட்டயும் சொல்லி வெக்கிறேன்," என்றாள் பிலோ.

அன்று மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. புதன்கிழமை டிம்ப்னா வந்தபோது ஒவ்வொரு வீடாக டிவி சத்தம் நின்றது. திரைச்சீலைகள் அரை அங்குலம் விலகி மூடின. அவர் தட்டுவதும் காத்திருப்பதும் நகர்வதுமாகத் தெருக்கோடி வரை போனதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். போகும்போது என் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். ஃபைலில் ஏதோ எழுதினார்.

வியாழன் மழை. கீவா பள்ளிக்குப் போகவில்லை. பத்தொன்பது.

வெள்ளியும் மழை. இரவெல்லாம் இருமியவளை எப்படி அனுப்புவது? ஒன்பதரைக்கு முன்கதவு தட்டும் சத்தம். கீவாவை இழுத்து அணைத்துக்கொண்டு முன்னறை ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் இருமல் யார் பேச்சைக் கேட்கும்?

கதவில் கடிதம் போடும் துவாரத்தின் மூடி தூக்கிக்கொண்டது. டிம்ப்னாவின் இரண்டு கண்கள் தெரிந்தன.

"மஜெல்லா, உள்ளதான இருக்கீங்க?"

"இல்ல," என்றேன். பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது.

"சரி, இல்லாதவங்ககிட்டயே பேசுறேன். இந்த வாரம் முப்பத்தோரு கதவு தட்டியிருக்கேன். மூணுதான் திறந்துச்சு. என்ன நடக்குது இங்க?"

"நீங்கதான் சொல்லணும். என் பேருக்கு நேரா எதுக்குக் குறி போட்டீங்க?"

மூடி இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

"அந்தத் தாளா? பிஸ்கட் டப்பாவுக்கு அடியில வெச்சிட்டு மூணு நாளா தேடி இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சேன்," என்றார். "பாதி வாரத்துல நாப்பது வீட்டுக்கு வர முடியாது. இருபத வெச்சுக்கிட்டு மீதிய விட்டுடுன்னாங்க. என்னால விட முடியாத வீட்டுக்குக் குறி போட்டேன்."

"நல்லாத்தான் சொல்றீங்க. அப்ப பிலோவுக்கு ஏன் இல்ல?"

"அவங்க பொண்ணு ஒரு நாள்கூட லீவு போடல."

"மாக்குக்கு?"

"மாக் வீட்ட நான் எப்படி விடுவேன்? பசங்க திரும்பி வர்றதுக்கு நாலு மாசம் அவங்களோட அலைஞ்சது யாரு?"

அது எனக்குத் தெரியாது. மாக் சொன்னதில்லை. பொய்யாகவும் இருக்கலாம்.

"இன்னிக்கு இருபதாவது நாள். எழுதிப் போட்டாச்சா?"

"ஆபீஸ் கம்ப்யூட்டர் சாயங்காலம் தானா அனுப்பிடும். நான் காரணம் எழுதிக் கொடுத்தா அதுவும் சேர்ந்து போகும். இல்லன்னா வெறும் நம்பர் போகும். வெறும் நம்பரப் பாத்து அவங்க என்ன நினைப்பாங்கன்னு எனக்குத் தெரியாது, மஜெல்லா. இன்னொண்ணு. இந்த வாரம் எத்தன வீட்டுக்குப் போனேன்னு திங்கக்கிழமை கணக்கு கேப்பாங்க. மூணுன்னு கொடுத்தா, இங்க ஆளே தேவையில்லன்னு என் மீதி நாளையும் ஆத்துக்கு அந்தப் பக்கம் கொடுத்துடுவாங்க."

என் மடியில் கீவா இருமினாள். துவாரத்தில் கண்கள் அசையவில்லை.

"முன்கதவு வழியா எதுக்கு வர்றீங்க?" என்றேன்.

"என்னது?"

"மூணு வருஷமா பின்னாலதான வந்தீங்க?"

"சந்து சுத்தி வந்தா வீட்டுக்கு அஞ்சு நிமிஷம் கூட ஆகுது. பாதி வாரந்தான இருக்கு..." பேச்சு பாதியில் நின்றது. "அட கடவுளே. முன்னால வந்து தட்டிட்டிருக்கேனே."

மூடி விழுந்தது. எழுந்து பின்பக்கம் போய் நின்றேன். ஐந்து நிமிடத்துக்கும் மேல் ஆனது. பின்கதவுக் கண்ணாடியில் டிம்ப்னா தெரிந்தார், தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கழுத்தில் அட்டை இல்லை, கையில் ஃபைல் இல்லை.

"நான்தான்," என்றார்.

தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு யோசித்தேன். நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். வெறும் நம்பருக்குப் பயந்தேன். திறந்தேன்.

சமையலறையில் உட்காரவிடாமல் நேராக மாடிக்குக் கூட்டிப்போனேன். இருவருமாக அலமாரியை நகர்த்தினோம். டிம்ப்னா சுவரைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார், கீவாவைப் பார்த்தார். பேனாவைத் தேடவில்லை.

"எழுதிக்கட்டுமா?" என்று என்னைக் கேட்டார்.

"இங்கயே எழுதுங்க. என் கண் முன்னால."

கீவாவின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொன்னேன். 'தாய் மூன்று முறை வெள்ளையடித்திருக்கிறார்' என்ற வரியை நான்தான் சேர்க்கச் சொன்னேன். நகராட்சிக்கு ஒரு பிரதி போக வேண்டும் என்றும் சொன்னேன்.

"இது நாலாவது வீடு. மீதி?" என்றார் டிம்ப்னா.

தெருவின் கதவுகளை மூடவைத்தவள் நான். கீவாவுக்குப் போர்த்திவிட்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அவரோடு சந்தில் இறங்கினேன்.

பிலோவின் பின்கதவு பகலில் தாழிட்டு நான் பார்த்ததில்லை. அன்று தாழிட்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஊதா கவுன் தெரிந்தது.

"பிலோ, நான்தான்டி."

"கூட யாரு?"

"கதவு டீச்சர்."

"அப்ப அவங்க பக்கம் சேந்துட்ட. உனக்கு என்ன தர்றேன்னாங்க?"

"ஒண்ணுமில்லடி. அந்தக் குறி நாம நினைச்சது இல்ல. அது இருக்கிற வீட்டுக்குத்தான் இவங்க இனிமே வருவாங்களாம். இல்லாத வீட்ட விட்டுடுவாங்களாம்."

டிம்ப்னா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"எனக்கு இல்லன்னுதான சொன்ன?" என்றாள் பிலோ உள்ளேயிருந்து.

"ஆமா. இல்ல."

தாழ்ப்பாள் விலகியது. கதவிடுக்கில் பிலோவின் முகம் தெரிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, டிம்ப்னாவைப் பார்த்தாள்.

"ஏன் இல்ல?" என்றாள்.