பெர்மெத்துக்கு ஓர் அஷார்

ரொட்டி விற்கிற பலகைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். இடுப்பில் பெர்மெத். நாலு மாதக் குழந்தை. தோளிலிருந்து பாதம்வரை வார் போட்டு, முழங்கால்களை மடக்கி அகட்டி வைத்திருக்கும். ஓஷ் நகரத்துக்குப் போகிற வேன் டிரைவர் ரெண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னக்கா, தவளை பிடிச்சு வெச்சிருக்கே?"

"தவளைதான். ஒருநாள் தாவும். அன்னைக்கு உன் வேனை ஓரங்கட்டிக்கோ" என்றேன்.

பெர்மெத் என் குழந்தை அல்ல. எதிர்வீட்டு நூர்ஜாத்தின் குழந்தை. வலது தொடை எலும்பு இடுப்புக் குழியில் சரியாக உட்காரவில்லை என்று ஓஷ் டாக்டரம்மா வார் மாட்டிவிட்டிருந்தார். ராத்திரி பகல் கழற்றக் கூடாது, காலை நீட்டிக் கட்டவே கூடாது, கட்டினால் எலும்பு நழுவிவிடும், பிறகு கத்திதான், அப்போதும் சரியாக நடப்பாள் என்று சொல்ல முடியாது. அதனால் பெஷிக் தொட்டில் அடியோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். எங்கள் ஊரில் பெஷிக் இல்லாத தாய்க்குக் கையே இல்லை. குழந்தையை மரத்தொட்டிலில் படுக்கவைத்து, கால்களை நீட்டிச் சேர்த்து, மார்பிலும் காலிலும் துணிப்பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டால் அது பாட்டுக்குத் தூங்கும். அவள் மாடு கறப்பாள், சமைப்பாள், வேலைக்குப் போவாள். நூர்ஜாத்தின் கணவன் ரஷ்யாவில் கட்டட வேலை செய்கிறான். அவள் தெருமுனைத் தையல் கூடத்தில் மிஷின் மிதிக்கிறாள். ஒரு வாரம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே தைத்தாள். கூடத்துக்காரி இனி குழந்தையோடு வராதே என்றுவிட்டாள்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில்தான் தெருவுக்கே அஷார் சொன்னேன். சுவர் எழுப்ப, கூரை போட, வாய்க்கால் தூர்வார அஷார் சொன்னால் தெருவே வந்து கைகொடுக்கும், வயிறாரச் சாப்பிட்டுப் போகும். குழந்தைக்கு அஷார் சொன்னவர் இதுவரை யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக் கெஞ்சே விழுந்து விழுந்து சிரித்தாள்.

"புள்ளைக்கு அஷாரா? என்ன கொண்டு வரணும், மண்வெட்டியா, செங்கல்லா?"

"ஒண்ணும் வேணாம். இடுப்பைக் கொண்டு வா."

சிரித்தவள்தான் முதலில் வந்தாள். காலையில் என் ரொட்டிப் பலகை, அப்புறம் கெஞ்சே, அப்புறம் பள்ளிக்கூடம் பெருக்குகிற சொனுன் என்று பெர்மெத் இடுப்புக்கு இடுப்பு மாறிக்கொண்டிருந்தாள். பசித்து அழுதால் தையல் கூடத்து வாசலுக்கு ஓடுவோம், நூர்ஜாத் வெளியே வந்து பால் கொடுப்பாள். டயர் கடை சபார்கூட ஒருநாள் கிரீஸ் கையைக் கழுவிவிட்டு வாங்கிக்கொண்டான். ஊர் சும்மா இருக்குமா? பெண்குழந்தையைக் கால் அகட்டிக் கடைத்தெருவில் வைத்துக்கொண்டு நிற்கிறார்களே, வெட்கம் இல்லையா என்றார்கள். எனக்கு வெட்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை நூர்ஜாத்தின் நாத்தனார் ஜுமாகான் பெஷிக்கோடு வந்து இறங்கினாள். சிவப்பு வண்ணம் பூசிய புது பெஷிக். தாய் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள், அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. தெருப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு, இனிப்பு பரப்பி, தேநீர் ஊற்றினாள். குழந்தையைப் பெஷிக்கில் கட்டுகிற விழாவாம். மூத்தவள் கையால்தான் கட்ட வேண்டும். ரெண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து பெஷிக்கின் முன் உட்கார்ந்தாள். அந்த வீட்டுப் பெண்கள் நிறையப் பேர் அப்படித்தான் நடப்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் அன்ன நடை என்று பெருமையாகச் சொல்வதுண்டு. நொண்டல் என்று ஒருவரும் சொன்னதில்லை.

ஜுமாகான் வாரின் முதல் கொக்கியை அவிழ்த்தாள். நூர்ஜாத் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் அண்ணி."

"கையை எடு. என் தம்பி புள்ள இது. நாங்கல்லாம் பெஷிக்ல வளந்தவங்கதானே? எங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

எல்லோரும் தேநீர்க் கிண்ணத்துக்குள் எதையோ தேடினார்கள். நூர்ஜாத் கையை எடுக்கவில்லை. நான் வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவள்.

"என்ன குறைஞ்சு போச்சுன்னு எந்திரிச்சு நடந்து காட்டுக்கா" என்றேன்.

கெஞ்சே என் தொடையைக் கிள்ளினாள். சொன்னது கொடுமைதான். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

"அது எங்க வீட்டு நடைடீ, உம்சுனாய்." ஜுமாகானின் முகம் சிவந்துவிட்டது.

"டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னாங்க. வீட்டு வழியா வருமாம். காலை நீட்டி நீட்டிக் கட்டி நாமதான் அதை முத்த விடறோமாம். நடை கிடக்கட்டும். வலிக்குதா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

இனி இந்த வீட்டுப் பக்கம் வராதே என்று சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன். அவள் குழந்தையின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெர்மெத் அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

"கல்யாணத்தன்னைக்கு எல்லாரும் என் நடையைப் புகழ்ந்தாங்க" என்றாள் ஜுமாகான். "எனக்கு வலியில உயிர் போய் உயிர் வந்துது."

அப்படியே குனிந்து கொக்கியை மாட்டினாள். தவறான இடத்தில் மாட்டினாள். நூர்ஜாத் சரிசெய்தாள். அதுவரை தேநீர்க் கிண்ணத்தை விடாத கெஞ்சே எழுந்து வந்து கைகளை நீட்டினாள்.

"குடுங்கக்கா. இப்ப என் முறை."

"உன் முறை அப்புறம். நான் மட்டும் என்ன, வழிப்போக்கியா?"

ஜுமாகான் குழந்தையைத் தூக்கி வலது இடுப்பில் வைத்துப் பார்த்தாள், பல்லைக் கடித்தாள், இடது இடுப்புக்கு மாற்றினாள். எப்படி முதுகைத் தாங்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். தெரியும் என்று முறைத்தாள். பிறகு வாசலைத் தாண்டி நேரே கடைத்தெருப் பக்கம் நடந்தாள். நாங்கள் பின்னாலேயே போனோம். நூர்ஜாத் ஓடிப்போய்க் குழந்தையின் கால்மேல் சால்வையைப் போர்த்தினாள்.

பனி கரைந்ததும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். எலும்பு உட்கார்ந்துவிடும் என்று டாக்டரம்மாவே அடித்துச் சொல்லவில்லை.

தேநீர்க் கடை வாசலில் ஆண்கள் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தொப்பியைத் தூக்கிக்கொண்டு, "என்ன ஜுமாகான், பொட்டப்புள்ளையை இப்படியா தூக்கிட்டு வருவாங்க?" என்றார்.

அவள் நின்றாள். "நீங்க குதிரை மேல காலை ஒட்டி வெச்சுக்கிட்டா உட்கார்றீங்க?"

ஜுமாகான் சால்வையை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். பெர்மெத்தின் கம்பளிக் காலுறைப் பாதங்கள் வெயிலில் ஆளுக்கொரு திசையைக் காட்டிக்கொண்டு நின்றன. தெருவின் நட்டநடுவில், வண்டிகளுக்கு வழிவிடாமல், அவள் சாய்ந்து சாய்ந்து நடக்கத் தொடங்கினாள்.