மருந்தடித்த மறுநாள்

வெள்ளவத்தையில் இருந்து பஸ் புறப்பட்டபோதே பிள்ளைகள் பாட்டுப் பாடத் தொடங்கிவிட்டார்கள். நஞ்சில்லா விவசாயக் குடும்ப நாள். பாத்தியில் இறங்கித் தாங்களே பறித்துத் தின்னலாம் என்பதுதான் விசேஷம். தோட்டம் அவிசாவளைக்கு அப்பால். சொந்தக்காரர் நவரத்தினம் சேர். அவருடைய வெள்ளவத்தை அலுவலகத்தில்தான் எனக்கு வேலை; அந்தக் குடும்பங்களைக் கூட்டிப்போனதும் நான்தான்.

தோட்டத்தில் வேலை செய்பவர் என் அப்பா தங்கையா. சேர்த்துவிட்டவள் நான். இருபத்தாறு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்தவர். சிறுநீரகம் பாதி போய்விட்டது, இனி மருந்துப் பக்கமே போகக்கூடாது என்று கிளினிக்கில் சொன்னார்கள். கொட்டாஞ்சேனை அறையில் சும்மா கிடக்க அவருக்கு முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி, அதுவும் இரசாயனவியல் படித்தவள், வாசலில் இருந்த 'நஞ்சில்லாத் தோட்டம்' என்ற பலகையை வாசித்துவிட்டு அவரை அங்கே விட்டு வந்தேன்.

இலைப்படம் போட்ட டீஷேர்ட்டில் அப்பா நின்றார். கால்கள் வீங்கியிருந்தன. நான் ஒரு கெக்கரிக்காயைப் பறிக்கக் குனிந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அதத் திங்காத, பாப்பா. நேத்துதான் அடிச்சேன்."

"என்னத்த?"

"மருந்துதான். ஆளுங்க வர்றாங்க, இலையில ஓட்டை இருக்கக் கூடாதுன்னாரு சேர். அவரு வீட்டுக்குன்னு பின்னால ஒரு பாத்தி இருக்கு. அதுக்கு மட்டும் அடிக்கிறதில்ல. அதுல பறிச்சுத் தர்றேன்."

"எப்ப இருந்துப்பா அடிக்கிறீங்க?"

"வந்த மொத வாரத்தில இருந்து. ஒனக்குச் சொன்னா சண்டைக்குப் போவ. ஒன் வேலையும் போயிரும்."

ஒலிவாங்கியில் சேர் பேசிக்கொண்டிருந்தார். "எங்கட தோட்டத்தில ஒரு துளி மருந்து இல்லை..."

போய் ஒலிவாங்கியைப் பறித்தேன். "நேற்று மருந்தடிச்சிருக்கு. பிள்ளைகளை வெளியில எடுங்கோ!"

நேசமலர் என்ற அம்மா ஓடிவந்து மகளின் வாய்க்குள் விரலை விட்டாள். "ஐயோ, ரெண்டு கெக்கரி திண்டிட்டாள்! ஆர் அடிச்சது?"

சேர் யோசிக்கக்கூட இல்லை. ஒலிவாங்கியைத் திரும்பப் பிடுங்கி அப்பாவைக் காட்டினார். "இவன்தான். எனக்குத் தெரியாமல் அடிச்சிருக்கிறான். எஸ்டேட் பழக்கம்."

"மருந்து வாங்கிக் குடுத்தது ஆர் சேர்?" என்று கத்தினேன். யாரும் திரும்பவில்லை.

"நீயெல்லாம் மனிசனாடா?" என்றாள் நேசமலர்.

அப்பா கையைக் கட்டிக்கொண்டார். "நான்தாங்க அடிச்சேன்." என் வேலையைக் காப்பாற்றுகிறாராம்.

"அவர் என்ர அப்பா" என்றேன். அது மட்டும் எல்லோருக்கும் கேட்டது.

"அப்ப உமக்கும் தெரிஞ்சுதானே எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனீர்?" என்றாள் நேசமலர்.

பஸ் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. எங்களை ஏற்றவில்லை. பிரதான வீதி வரை நடந்தோம். அப்பா மூன்று இடத்தில் உட்கார்ந்தார். பின்னேரம் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: கடவுள் புண்ணியத்தில் எல்லாப் பிள்ளைகளும் சுகம். கும்பிட்ட கைகள் வரிசையாக விழுந்தன. அங்கே சேர்ந்த ஏழு மாதமும் மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்தவருக்கு என்ன ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் டொக்டர் அறிக்கையை மேசையில் போட்டார். இனிக் கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும், சாகும் வரை.

"மருந்துக்குக் கிட்டப் போக வேண்டாமெண்டு சொன்னனான்தானே? ஆர் இவரை வேலைக்கு விட்டது? நீர் படிச்ச பிள்ளையெல்லே?"

"அவ மேல தப்பில்லீங்க" என்றார் அப்பா.

"ஓம், படிச்சனான்" என்றேன். "நான்தான் விட்டனான்."