சிவப்பு வில்லை

காய்கறிகளை உறையவைத்துச் சேமிக்கும் அந்த உறைகிடங்கில் அவருக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். மனைவி இறந்துபோன பிறகு, இந்த ஒன்றரை வருஷத்தில் "ம்", "சரி" தவிர அவர் வாயிலிருந்து யாரும் எதையும் பிடுங்கியதில்லை. மத்தியானம் மட்டும் எல்லாரோடும் நீள மேசையில் உட்கார்ந்து, தலைகுனிந்தபடி டப்பாவைக் காலி செய்துவிட்டு எழுந்துவிடுவார்.

கிடங்குக் கதவருகே பெயர் எழுதிய தகர வில்லை ஆளுக்கொன்று ஆணியில் தொங்கும். உள்ளே போனால் சிவப்புப் பக்கம், வெளியே வந்தால் பச்சை. நாளைக்கு இருபது தடவை போய்வருகிற மனுஷர், யார் பார்க்கப் போகிறார்கள் என்று திருப்புவதையே விட்டுவிட்டார். மாதக்கணக்கில் அவர் வில்லை சிவப்பாகவே கிடந்தது.

அன்று பதினொரு மணிக்கு, இரண்டு நிமிஷ வேலைதானே என்று கனத்த கோட்டை வெளியே மாட்டிவிட்டு, ஸ்வெட்டரோடு பட்டாணிப் பெட்டிகளை எண்ணப் போனார். போன் கோட்டுப் பையில். பின்னால் யாரோ கதவை இழுத்துச் சாத்தினார்கள். சாத்தியவன் சிவப்பு வில்லையைப் பார்த்திருப்பான். அதுதான் எப்போதும் சிவப்பாயிற்றே!

உள்பக்கக் கைப்பிடி பனியில் இறுகிப்போயிருந்தது. தட்டினார். கத்தினார். பழக்கம் விட்டுப்போன குரல் கதவைத் தாண்டவில்லை.

முதலில் தோள் நடுங்கியது, பிறகு தொடை. பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. அந்த வெள்ளைக் கூடத்தில் அது ஒன்றுதான் பேச்சுச் சத்தம் மாதிரி இருந்தது. பாதுகாப்பு வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது: நடுங்குவது பயத்தால் அல்ல. சூடு குறைந்ததும் தசைகள் தாமாகவே குலுங்கிச் சூடு உண்டாக்குகின்றன. தாடையும் தசைதான், அதனால்தான் பல் அடிக்கிறது. நடுக்கம் நின்றால்தான் பயப்பட வேண்டும்.

நடந்தார். பெட்டிகளைத் தூக்கி இடம் மாற்றினார். எவ்வளவு நேரமோ. அசந்துபோய் ஒரு பெட்டிமேல் சாய்ந்தபோது பற்களின் சத்தம் அடங்கியிருந்தது. இதமாகக்கூட இருந்தது. வீட்டுக்குப் போனாலும் இதே அமைதிதானே, இங்கேயே இருந்தால் என்ன என்று தோன்றியது.

கதவு திறந்தது.

லேபிள் ஒட்டுகிற பெண் அவரைத் தரதரவென்று வெளியே இழுத்து, அலுவலக அறையில் உட்காரவைத்து, பனி அப்பி ஈரமான ஸ்வெட்டரைக் கழற்றிக் கம்பளியைச் சுற்றினாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் திரும்பியது. கையிலிருந்த வெந்நீர் தளும்பியது.

"நடுங்குங்கண்ணே, நல்லா நடுங்குங்க. உசுரு வந்துடுச்சுன்னு அர்த்தம்."

"எ-எப்படிக் கண்டு..."

"மணி பன்னெண்டரை. மேசையில உங்க டப்பா மூடினபடியே இருந்துச்சு, கதவுகிட்ட உங்க கோட்டு மட்டும் தொங்குச்சு. ஒரு நாள்கூட நீங்க அஞ்சு நிமிஷம் பிந்தினதில்லையே."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றரை வருஷமாக எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவள். முகத்தில் ஒரு மச்சம் இருப்பதே இன்றுதான் தெரிந்தது.

"உங்க பல்லு இவ்ளோ பேசுதே, நீங்களும் கொஞ்சம் பேசினா என்னவாம்?" என்றாள். "இருங்க, வில்லையைத் திருப்பிட்டு வர்றேன்."

"இரும்மா," என்று அவர் கம்பளியோடு மெதுவாக எழுந்தார். "நானே திருப்பறேன்."

அவள் கைத்தாங்கலாகக் கதவுவரை கூட்டிப்போனாள். நடுங்கும் விரல்களில் பச்சை வில்லை ஆணியோடு கடகடவென்று அடித்துக்கொண்டது.