குழாயில் நின்ற தண்ணீர்

லிவியோவின் வேலையைக் கெடுத்தது நான். வேண்டுமென்று கெடுக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டிருந்தது வேண்டுமென்றுதான்.

எங்கள் பள்ளத்தாக்கில் கோடையில் கோல்ஃப், குளிர்காலத்தில் பனிச்சறுக்கு. முதலாளியும் ஒருவர், மலையும் ஒன்று, ஆட்களும் நாங்களேதான். அக்டோபர் வரை புல் வெட்டுவோம். டிசம்பரில் லிஃப்ட் ஓட்டுவோம். முப்பத்தொரு வருஷமாக எனக்கு அடிவார லிஃப்ட் கொட்டகை.

லிவியோ பதினோரு வருஷத்துக்கு முன்னால் வந்தவன். எங்கள் ஸ்லோவேனியாவுக்கு இருப்பதே ஒரு முழம் கடற்கரை, அங்கே கோப்பர் பக்கத்து ஆள். உப்புத் தண்ணீரில் வளர்ந்தவனுக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும் என்று முதல் நாளே நினைத்தேன். அவன் எத்தனை வேலையை ஒழுங்காகச் செய்தாலும் அந்த நினைப்பு போகவில்லை. போக நான் விடவில்லை என்று சொல்வதுதான் சரி.

இந்த வருஷம், சரிவில் பனியை மட்டம் செய்யும் வண்டியை ஓட்டின ஆள் ஓய்வு பெற்றான். அந்த இருக்கை லிவியோவுக்கு என்று மேலாளர் ரோமானா சொல்லியிருந்தாள். அது கிடைத்தால் நிரந்தர வேலை. வசந்தத்தில் ஒரு தடவை, பனிக்கு முன் ஒரு தடவை என்று பதினோரு வருஷம் புதுசாகக் கையெழுத்துப் போட்டு வேலைக்குச் சேர்ந்துகொண்டிருந்தவனுக்கு அது எப்படிப்பட்ட விஷயம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை கோல்ஃப் பருவத்தின் முடிவுப் போட்டி. அன்றைக்குப் புல்தரையில் பந்து விழ வேண்டிய குழியை எங்கே வெட்டுவது என்பது எங்கள் இஷ்டம். வருஷம் முழுக்க எங்களைக் குறை சொன்ன உறுப்பினர்களுக்கு அதுதான் எங்கள் பதில். ஏழாவது குழியை நான் சரிவின் விளிம்பில் வெட்டினேன். பத்திரம் எழுதும் வக்கீல் ஒருவர் அங்கே பதினோரு அடி அடித்தார். ஒவ்வொரு தடவையும் பந்து திரும்பி அவர் காலடிக்கே உருண்டு வந்தது.

"யாருடா இத வெட்டினவன்?" என்று கத்தினார்.

"எலி, சார்" என்றான் லிவியோ.

மத்தியானம் ரத்த சாசேஜும் புளித்த முட்டைக்கோசும் சாப்பிடும்போதே எல்லோரும் கோல்ஃபை மறந்துவிட்டார்கள். புதுச் சறுக்குப் பலகை, மெழுகு, டிசம்பர் முதல் வாரத்து நிகோலாஸ் பண்டிகைக்குள் பனி வருமா வராதா, இதே பேச்சு. நானும் ஒரு வார்த்தை போட்டேன்.

"டேய் லிவியோ, உங்க ஊர்ல பனின்னா கோன்ல வச்சு நக்குறதுதானே? அந்த வண்டிய நீ எப்படிடா ஓட்டப் போற?"

"உங்க ஊர்ல மீன்னா டப்பாக்குள்ள பொறக்குறதுதானே பெருசு? நீ அத எப்படித் திங்கற?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

மைதானத்தை மூடினால் முதல் வேலை, புல்லுக்குத் தண்ணீர் போகும் குழாய்களைக் காலி செய்வது. கம்ப்ரஸரை வைத்து ஒவ்வொரு குழியாகக் காற்றை ஊத வேண்டும். தெளிப்பான் முதலில் தண்ணீரைத் துப்பும், அப்புறம் இருமும், கடைசியில் வெறும் காற்று வரும். ஒரு குடம் தண்ணீர் உள்ளே தங்கினாலும் உறைந்து குழாயைப் பிளந்துவிடும். அதே பம்பு அறையிலிருந்துதான் குளிர்காலத்தில் சரிவில் செயற்கைப் பனி தூவும் பனி பீரங்கிகளுக்கும் தண்ணீர் போகிறது, நடுவில் ஒரு வால்வு மட்டும். லிவியோ இரண்டு நாள் ஊதினான். முடித்து, சுவரில் தொங்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

அவன் போனதும் நான் போனேன்.

ஏழாவது குழிப் பக்கம்தான் மைதானத்திலேயே பள்ளமான இடம். அங்கே மண்ணில் புதைத்த சின்னத் தொட்டிக்குள் குழாயின் வடிகால் திருகு இருக்கிறது. திறந்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. அவன் சரியாகச் செய்திருந்தான் என்று அர்த்தம். என் மனசு ஒப்பவில்லை. திருகில் சேறு அடைத்திருக்கும், அதனால்தான் வரவில்லை என்று நினைத்தேன். பம்பு அறைக்குத் திரும்பி நடந்து, வால்வை இரண்டு சுற்றுத் திறந்துவிட்டு வந்து பார்த்தேன். திருகிலிருந்து தண்ணீர் நன்றாகக் கொட்டியது. சேறு இல்லை, ஒன்றும் இல்லை. கைப் பழக்கத்தில் திருகை இறுக்கி மூடிவிட்டு, போய் வால்வையும் மூடினேன். அது முழுசாக மூடாமல் குழாய்க்குள் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது அப்போது தெரியாது. வீட்டுக்குப் போய் சூப் குடித்தேன்.

நவம்பர் நடுவில் பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது டிகிரி உறைகுளிர் வந்தது. விடிந்ததும் பனி பீரங்கிகளை முடுக்கினார்கள். அரை மணி நேரத்தில் தண்ணீரின் அழுத்தம் விழுந்தது. நானும் லிவியோவும் ஓடினோம். ஏழாவது குழியின் புல்தரை மாட்டு வயிறு மாதிரி உப்பி, வெடித்து, சேறும் தண்ணீருமாகக் கக்கிக்கொண்டிருந்தது.

ரோமானா ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றாள்.

"தாள்ல யாரு கையெழுத்து?"

"என்னோடதுதான் மேடம்."

"ஊதினியா, ஊதலையா?"

"ஊதினேன் மேடம். இங்க வெறும் காத்து வர்ற வரைக்கும் நின்னேன்."

"அப்ப இந்தத் தண்ணி எங்கருந்துப்பா வந்துச்சு? வானத்துலருந்தா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தான்.

"குழா ரொம்பப் பழசு மேடம்" என்றேன். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது.

சரிவு திறப்பது பத்து நாள் தள்ளிப்போனது. வண்டியை யெஸெனித்செ ஊரிலிருந்து வரும் ஓர் ஆளுக்குக் கொடுப்பதாக ரோமானா சொன்னாள். லிவியோவுக்கு வாடகைக் கடையில் வேலை, வருகிறவர்களுக்குச் சறுக்கு பூட்ஸ் எடுத்துக் கொடுத்து, நாறிப்போய் வருவதை வாங்கிக் காயவைப்பது. மார்ச் வரைக்கும்தான்.

உடைந்த குழாயைத் தோண்ட எங்கள் இரண்டு பேரையும்தான் அனுப்பினாள். உறைந்த மண், கடப்பாரை போட்டால் பொறி பறந்தது. லிவியோ தோண்டிக்கொண்டே இருந்தான். குழாயின் பிளவு தெரிந்ததும் குழிக்குள் உட்கார்ந்து விரலால் அதைத் தடவினான்.

"நான் எங்க தப்பு பண்ணேன் பெருசு? சொல்லு. எனக்குப் புரியல."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். எங்களைத் தவிர அங்கே யாரும் இல்லை.

"கம்ப்ரஸர்ல காத்து கம்மியா இருந்திருக்கும்" என்றேன்.

அவன் அதை நம்பினான். நான் சொன்னதை அப்படியே நம்பினான்.

"இருக்கும். இந்தக் கைய வச்சுக்கிட்டு அந்த வண்டிய ஓட்டுறேன்னு நின்னேன் பாரு. குடுக்காததும் நல்லதுக்குத்தான்."

பதினோரு வருஷம் நான் அவனை நம்பவில்லை. அது அவனை ஒன்றும் செய்யவில்லை. இப்போது அவனே தன்னை நம்பாமல் போனான், அதுவும் என் பொய்யால். அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் காலையில் ரோமானாவின் அறைக்குப் போனேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, திருகு, வால்வு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"கிளெமென் ஐயா, முப்பத்தொரு வருஷத்துல நீங்க ஒரு தடவையாவது தப்பு பண்ணேன்னு சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல மேடம்."

"உங்களுக்கு அவனப் புடிக்காதுன்னு மைதானத்துக்கே தெரியும். அவனுக்காகப் பழிய உங்க தலையில ஏத்திக்கிறீங்களே."

"பழி இல்ல மேடம். நெஜமாவே நாந்தான்."

"சரி, சரி. நீங்களே இவ்வளவு தூரம் எறங்கி வர்றீங்கன்னா அந்தப் பையன் நல்லவனாத்தான் இருக்கணும். வண்டி அவனுக்கே. போங்க."

என் வாழ்க்கையில் யார் சொன்னதையும் நான் லேசில் நம்பியதில்லை. நான் உண்மை சொன்னபோது அவள் நம்பவில்லை. மேஜையைத் தட்டி இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டும். வந்த காரியம் ஆகிவிட்டது என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். லிவியோவுக்காக நான் பழியை ஏற்றுக்கொண்டேன் என்று சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் விஷயம் போய்விட்டது. சமையல்காரி என் தட்டில் இரண்டு சாசேஜ் அதிகமாக வைத்தாள். அதையும் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லிவியோவும் அவன் பெண்டாட்டி நெவெங்காவும் என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் அவன் அப்பா தோட்டத்து ஆலிவ் எண்ணெய், ஐந்து லிட்டர் டப்பா. வாசலிலேயே என்னைக் கட்டிப் பிடித்தான்.

"உன்னப் பத்தி இவகிட்ட எத்தனை தடவ திட்டியிருக்கேன் தெரியுமா? சொல்லு நெவெங்கா."

"தெனமும் திட்டுவாரு" என்று அவள் சிரித்தாள். "இனிமே திட்டினா நானே விடமாட்டேன்."

உட்காரச் சொன்னேன். நான் உட்காரவில்லை.

"ரோமானாகிட்ட நான் சொன்னது நெசம்டா. வால்வத் தொறந்தது நாந்தான். திருக மூடினதும் நாந்தான். கம்ப்ரஸர்ல ஒரு கோளாறும் இல்ல. உன் கையிலயும் இல்ல."

நெவெங்காவின் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே முகத்தில் இருந்து, பிறகு போனது. லிவியோ டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"எதுக்குத் தொறந்தீங்க?"

நீங்க என்றான். அவன் என்னை அப்படிச் சொன்னதே இல்லை.

"நீ சரியா ஊதினியான்னு பாக்க."

"இந்த வருஷம் மட்டும் போய்ப் பாத்தீங்களா?"

பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். "வருஷா வருஷம். திருகத் தொறந்து பாப்பேன்."

"ஒரு தடவையாவது தண்ணி இருந்துச்சா?"

"இல்ல."

அவன் எழுந்தான். "எண்ணெய் நல்லா இருக்கும். வச்சுக்கோங்க, கிளெமென் ஐயா." பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் திட்டியிருந்தால் தேவலை.

சரிவைத் திறந்த முதல் நாள் காலை, லிஃப்ட் வாசலில் பலகைகளோடு அறுபது பேர் நின்றார்கள். லிவியோ மேலேயிருந்து வண்டியை இறக்கிக்கொண்டு வந்து, என் கொட்டகை வாசலில் நிறுத்தினான். இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினான்.

"கிளெமென் ஐயா, வேல முடிஞ்சுது. போய்ப் பாத்துட்டு வாங்க."

"வேணாம்பா. நல்லாத்தான் இருக்கும்."

"பாக்காம எப்படித் தெரியும்? நீங்க வர்ற வரைக்கும் நிக்கறேன்."

வண்டி வழியில் நின்றது. யாரும் ஏற முடியாது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அந்த வக்கீலும் நின்றார். "என்ன பெரியவரே, எலி ஏதும் பூந்துடுச்சா?" என்று கேட்டார்.

நான் மேலே நடந்தேன். லிஃப்டின் மூன்றாவது தூண் வரை. அறுபத்தெட்டு வயசில், மூச்சு வாங்க, எல்லோரும் பார்க்க. பனி சீப்பால் வாரினது போலக் கிடந்தது. ஒரு மேடில்லை, ஒரு குழியில்லை. இறங்கி வந்து, "சரியா இருக்கு" என்றேன்.

"கேக்கல."

"சரியா இருக்கு!"

தலையை ஆட்டிவிட்டு வண்டியை நகர்த்தினான். மறுநாளும் வந்து நிறுத்தினான். ரோமானாவிடம் நான் புகார் சொல்லவில்லை. இன்றைக்குப் பதினாலாவது நாள். ஏறிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.